தவமணி விடச் சொன்ன குழி

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தச் சாக்கைத் தூக்கிப் பாருங்க, எஞ்சின் அதுக்குக் கீழதான் இருக்கு. அஞ்சு குதிரை. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்திக்கலாம். வாழைக்குத்தானே? தாராளமா இழுக்கும். இதுக்காகவா சத்தியமங்கலத்துல இருந்து மலையேறி வந்தீங்க? உக்காருங்க, டீ போடுறேன். நான் போட்டா சுமாராத்தான் இருக்கும். வீட்டுல ஆள் இல்ல. மார்கழில போனவ, இன்னும் வரல.

ஏன் விக்கிறீங்கன்னு போன்ல கேட்டீங்கல்ல. எஞ்சின்ல குறை இருக்குமோன்னு உங்களுக்குச் சந்தேகம். இருக்கத்தான் செய்யும், நானா இருந்தாலும் கேப்பேன். எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல தம்பி. அதை நான் எதுக்கு வாங்கினேன், என்னவெல்லாம் பண்ணேன்னு சொன்னா உங்களுக்கே புரியும். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு.

என் பேரு சிவனு. இந்தப் பக்கம் சும்மா சிவனுன்னா தெரியாது, பம்ப் சிவனுன்னு கேட்கணும். தேவாலால இருந்து சேரம்பாடி வரைக்கும் எந்த எஸ்டேட் பம்பா இருந்தாலும் ரோட்டுல நின்னு சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி எந்தப் பம்புக்கு என்ன அளவு வாசர் போட்டேன்னு இப்பக் கேளுங்க, சொல்றேன். அப்படி ஒரு ஞாபகம் எனக்கு.

என் சம்சாரம் தவமணி. அவ பொன்னு அரிக்கிறவ. கீழ ஓடுது பாருங்க, அந்த ஆத்து மணல்ல பொன்னு இருக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். வெள்ளைக்காரன் காலத்துல மலையைக் கொடஞ்சு எடுத்தான், அவன் போன பொறவு எங்க சனங்க ஆத்துல அரிச்சு எடுக்குது. கூடாதுன்னுதான் அரசாங்கம் சொல்லுது. தேயிலைக் கொழுந்து இல்லாத மாசத்துல சனம் என்ன பண்ணும்? பலாமரத்துல கொடஞ்ச தட்டு ஒண்ணு. அதுல மணலை அள்ளி, தண்ணிக்குள்ள ஆட்டி ஆட்டி, கல்லு போயி, மண்ணு போயி, கடைசில கருமணல் ஓரத்துல மஞ்சளா ஒரு கோடு நிக்கும். மாவு மாதிரி இருக்கும். அதை ஒரு சின்ன மருந்து குப்பில சேத்து வப்பாங்க. இதுல தவமணி கைக்கு ஈடு இந்த எஸ்டேட் லைன் வீடுகள்ல கெடையாது. மத்த பொம்பளைங்க நாலு தட்டு அரிச்சு எடுக்கிறதை அவ ஒரு தட்டுல எடுத்துருவா.

ஆனா இடுப்பளவு தண்ணி தம்பி. காலைல எறங்கினா மத்தியானம் வரைக்கும். இருபது வருசமா நின்னு நின்னு ரெண்டு முழங்காலும் வீங்கிப் போச்சு. படி ஏறும்போது சொவத்தைப் புடிச்சுக்குவா. என்கிட்ட வாயைத் தொறந்து ஒரு நாளும் சொன்னதில்ல. அவ எதையுமே சொல்ல மாட்டா, அதுதான் அவகிட்ட உள்ள குறை. நானா பாத்து, நானா முடிவு பண்ணேன். நம்ம கையில தொழில் இருக்கு, பொண்டாட்டி ஏன் தண்ணில நிக்கணும்? ஒரு மெஷின் செஞ்சுருவோம். அவளுக்காகத்தான் செஞ்சேன், அதை முதல்ல நீங்க மனசுல வச்சுக்கணும்.

போன்ல பாத்தேன். எந்த ஊர்க்காரனோ, தாடி வச்ச வெள்ளைக்காரன், ஆத்து நடுவுல மெதக்குற மெஷினை வச்சுக்கிட்டு அடி மணலை அப்படியே உறிஞ்சி எடுக்கிறான். பாஷை புரியல. பம்புக்கு என்ன பாஷை வேணும்? குஞ்ஞாலிக் காக்கான்னு ஒரு மலையாளத்துக்காரரோட காயலாங்கடைல நீல டிரம் ரெண்டு எடுத்தேன், மெதக்குறதுக்கு. ஆங்கிள் இரும்புல ஒரு சட்டம். இந்த எஞ்சின். நாலு இஞ்சு நெளி ஓஸு. முதல்ல நான் பண்ணது தப்பு, ஒத்துக்கிறேன். மணலைப் பம்புக்குள்ளயே விட்டேன். ஒரு மணி நேரத்துல உள்ள இருந்த காத்தாடியைக் கல்லு தின்னுருச்சு. அதுக்குப் பொறவுதான் சூட்சுமம் புடிபட்டுச்சு. நல்ல தண்ணியை மட்டும் பம்பு எடுக்கணும். அதை ஒரு சின்ன வாய் வழியா, ஓஸுக்குள்ள சாய்வா, வேகமா அடிக்கணும். அந்த வேகம் பின்னாடி இருக்கிற மணலு, கல்லு எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு மேல வரும். மேல ஒரு சாய்ஞ்ச தகரப் பெட்டி, அதுல குறுக்குச் சட்டம், சட்டத்துக்கு அடியில கயித்துப் பாய். மணலு ஓடிரும், பொன்னு கனம், அது சட்டத்துல தங்கிரும். எவ்வளவு எளிசு பாருங்க. அந்தச் சின்ன வாயை மட்டும் ஆறு தடவை வெல்டிங் வச்சு ஒடைச்சேன்.

ஐப்பசியில எஸ்டேட் பழைய தொட்டியில தண்ணி விட்டுச் சோதனை பண்ணேன். தொட்டியில மணலைக் கொட்டி, மீன் வலையில கட்டுற ஈயக் குண்டு இருபதை அதுக்குள்ள பொதைச்சு வச்சு, மெஷினைப் போட்டேன். பதினேழு குண்டு பெட்டியில வந்து உக்காந்துக்கிச்சு. லைன்ல பாதிச் சனம் நின்னு பாத்துச்சு. கைதட்டினாங்க தம்பி. தவமணியும் சொவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா. எல்லாரும் போன பொறவு, "ஈயம் குண்டு குண்டா இருக்குங்க. நம்ம பொன்னு மாவுல்ல. தண்ணி இந்த ஓட்டம் ஓடினா நிக்குமா"ன்னு கேட்டா.

"நீ சும்மா இரு, இது மெஷின் சமாச்சாரம்"னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவளும் சிரிச்சா. அப்ப ஒண்ணும் வருத்தம் இல்ல எங்களுக்குள்ள.

ஆத்துல எறக்குறதுக்கு முந்தின நாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னா, "எங்க வேணாலும் வைங்க. அந்தப் பாறைக்குழியை மட்டும் விட்டுருங்க"ன்னு. சரின்னேன். ஏன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. இதுல யார் மேல தப்பு, நீங்களே சொல்லுங்க.

பாறைக்குழின்னா, வளைவுல ஒரு பெரிய பாறை இருக்கு, அதுக்குப் பின்னாடி ஆள் எறங்குற அளவுக்கு ஒரு குழி. ஆறு கொண்டாற பாரமெல்லாம் அதுலதான் போயி விழும். ஒரு காலத்துல அது தவமணியோட எடம். லைன்ல இருக்கிற பொம்பளைங்களுக்குள்ள அப்படி ஒரு கணக்கு இருக்கு, ஒருத்தி எடத்துல இன்னொருத்தி தட்டு வைக்க மாட்டா. எங்க மக காது குத்துக்கு வேண்டிய பொன்னு மொத்தத்தையும் அந்தக் குழியிலதான் எடுத்தா. ஒண்ணரை வருசம், குப்பியில சேத்துச் சேத்து. பஜார்ல மாதவன் ஆசாரிதான் கம்மல் அடிச்சுக் குடுத்தாரு. காது குத்து அன்னிக்கு நல்ல கூட்டம். தாய்மாமன் மடியில புள்ளையை வச்சுக் குத்தினாங்க. கரெண்டு போயிருச்சு, ஜெனரேட்டரை நான்தான் பாத்துக்கிட்டேன், பாட்டு ஒரு நிமிசம் நிக்கலையே.

ஒரே புள்ள எங்களுக்கு. தர்ஷினி. ஆறு வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. பதினோரு வருசம் ஆச்சு. அதைப் பத்திப் பேச வரல இப்ப. டீ ஆறுது, குடிங்க.

மெஷினை ஆத்துல எறக்கினேன். முதல் எடத்துல ஒரு நாள் பூரா ஓட்டினேன், பாயை ஒதறினா வெறும் கருமணல். எடத்தை மாத்தினேன். மூணு எடம், பத்து நாள். ஒரு பொட்டு மஞ்சள் இல்ல. கீழ துணி தொவைக்கிற பொம்பளைங்க கலங்கல் வருதுன்னு சத்தம் போட்டாங்க. சிவனு ஆத்துக்கே பேதி மருந்து குடுத்துட்டான்னு டீக்கடையில கேலி. என் முன்னாடியே சொல்றான் தம்பி, கைதட்டினவன்தான். பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். எனக்கு என்ன தோணுச்சுன்னா, எடம்தான் சரியில்ல. அந்தக் குழியில பதினோரு வருசமா தவமணி தட்டு வைக்கல. வேற எந்தப் பொம்பளையும் வைக்கல. பதினோரு மழைக்காலம் கொண்டாந்து போட்டது எவ்வளவு இருக்கும்? அதை இவ வயசான காலத்துக்குன்னு சேத்து வச்சிருக்கான்னு நெனைச்சேன். அவளுக்குத்தானே எடுக்கப் போறேன். எடுத்துக் கையில வச்சுட்டு, பாரு உன் குழிதான்னு சொன்னா, சந்தோசப்படப் போறான்னு நெனைச்சேன்.

கார்த்திகை கடைசி. வெள்ளிக்கிழமை. அவளுக்குக் கால் வலி, எழுந்திரிக்க முடியல, படுத்திருந்தா. நான் மட்டும் போனேன். ஓஸைக் குழிக்குள்ள விட்டேன். பாருங்க, அதுவரைக்கும் மொனகிக்கிட்டு ஓடின மெஷின் அன்னிக்கு ஒரு சீரா ஓடுச்சு. சத்தமே வேற. அடி வரைக்கும் உறிஞ்சுச்சு, பாறை வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. எஞ்சினை நிறுத்திட்டுப் பெட்டியைப் பாத்தேன். ரெண்டாவது சட்டத்துல மஞ்சளா ஒண்ணு.

பொடி இல்ல. சின்னதா ஒரு கம்மல். கல்லோட கல்லா அடிபட்டு நசுங்கி, தண்டு வளைஞ்சு போயிருந்துச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கல. பத்து நாளா பொட்டுப் பொன்னுக்கு ஏங்கினவனுக்கு, செஞ்ச நகையாவே குடுக்குதே ஆறுன்னு. குளிக்க வந்த எந்தப் புள்ளையோ தொலைச்சிருக்கும்னு நெனைச்சேன். எவனுக்கும் அப்படித்தானே தோணும்? மெஷின் வேலை செய்யுது, அதுதான் எனக்கு அப்பப் பெருசா இருந்துச்சு. நேரா பஜாருக்குப் போனேன். ஆசாரி கடையில அவரு இல்ல, அவரு மருமகன் இருந்தான். அவன் அதை நெருப்புல வச்சு உருக்கிட்டுக் காசு குடுத்தான். கேனுக்குப் பெட்ரோல் வாங்கினேன். தவமணிக்கு முழங்கால் தைலம் வாங்கினேன். ஆட்டுக்கறி வாங்கினேன்.

நானே சமைச்சேன் அன்னிக்கு. கட்டிலுக்கே கொண்டு போயிக் குடுத்தேன். நல்லா இருக்குன்னா. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னா தம்பி. தின்னுக்கிட்டேதான் கேட்டா, ஏது காசுன்னு.

சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "ஆத்துல கம்மல் கெடைச்சுச்சு, எந்தப் புள்ளையோடதோ"ன்னு.

"எந்த எடத்துல?"

"உன் குழியிலதான்"னேன்.

வாயில இருந்த சோத்தை அவ முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல. தட்டைக் கீழ வச்சா. "ஒத்தையா, ஜோடியா"ன்னு கேட்டா. ஒத்தைன்னேன். "எங்க அது"ன்னா. உருக்கியாச்சுன்னேன். எந்திரிச்சுப் போயி வாயைக் கழுவினா. ரொம்ப நேரம் கழுவினா. அப்பத்தான் சொன்னா, "தர்ஷினிக்குப் பால் ஊத்தின அன்னிக்குக் கொண்டு போயிப் போட்டேன். உங்களையும் கூப்பிட்டேன்ல"ன்னு.

கூப்பிட்டாளாம். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஆமா, கூப்பிட்டா. அன்னிக்கு எஸ்டேட்ல தண்ணி இல்ல, பம்பு ஒழுகுது, நான் அதைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தேன். புள்ள போயி மூணாம் நாளு. வீட்டுல உக்கார முடியல எனக்கு, பம்புகிட்டப் போயி உக்காந்துக்கிட்டேன். இவ வந்து நின்னு, "ஆத்துக்கு வாங்க, கம்மலைக் குடுத்துட்டு வருவோம்"ங்கிற மாதிரி என்னமோ சொன்னா. பக்கத்துல இன்னொரு எஞ்சின் ஓடுது. அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்? நான் "ம்"னேன். "நீ போயிட்டு வா"ன்னேன். அதை அவ, தெரிஞ்சுதான் சொல்றேன்னு எடுத்துக்கிட்டா. இங்க பொன்னு அரிக்கிற பொம்பளைங்க வழக்கமாம் அது. புள்ளைக்குன்னு எடுத்த பொன்னு, புள்ள இல்லைன்னா எடுத்த எடத்துக்கே போயிரணுமாம். லைன்ல அத்தனை பொம்பளைக்கும் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் பதினோரு வருசமா ஒருத்தியும் அங்க தட்டு வைக்கல. என்கிட்ட ஒருத்தியும் சொல்லல. அப்பனுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனைச்சிருப்பாங்க.

மறுநாள் விடிஞ்சதும் அவளே ஆத்துக்குப் போயிட்டா. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு. குழிக்குள்ள எறங்கி, தட்டைப் போட்டு, நான் உறிஞ்சித் தள்ளின மண்ணுக் குவியலை அரிச்சுக்கிட்டு இருந்தா. இன்னொரு கம்மலைத் தேடுறா. மூணு நாள். நான் கரையில நின்னேன். பாக்க முடியல தம்பி. ஒதவி பண்ணணும்னுதான் சொன்னேன், "இரு தவமணி, மெஷினைப் போட்டா அரை மணி நேரத்துல எடுத்துரலாம்"னு.

அவ நிமிந்து என்னைப் பாத்தா. கோபமாப் பாத்தான்னு சொல்ல முடியாது. யாரோ வழி கேக்க வந்தவனைப் பாக்குற மாதிரி பாத்துட்டு, மறுபடி குனிஞ்சுக்கிட்டா.

நாலாம் நாள் கோயமுத்தூர் பஸ் ஏறிட்டா. அவ அக்கா வீடு அங்க இருக்கு. இப்ப என்ன பண்றா தெரியுமா? நகை செய்யிற பட்டறைத் தெருவுல, சாக்கடை மண்ணை அள்ளி அரிச்சு, பட்டறையில சிதறின பொன்தூளை எடுக்கிற வேலை. சாக்கடைத் தண்ணியில நிக்கிறா. நல்ல ஆத்துத் தண்ணியில நிக்கக் கூடாதுன்னு நான் மெஷின் செஞ்சேன், அவ அங்க போயிச் சாக்கடையில நிக்கிறா. இதை நான் எங்க போயிச் சொல்ல?

சும்மா இருந்துட்டேன்னு நெனைக்காதீங்க. மாசியில போனேன். ஆசாரிகிட்டச் சொல்லி புதுசா ஒரு ஜோடி அடிச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். பழசை விடக் கனம். அதைக் கொண்டாந்து குழியிலயே போட்டுருவோம், ரெண்டு பேருமாப் போயிப் போடுவோம், அதான் என் யோசனை. பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தா. "இது யாருக்கு"ன்னா. "தர்ஷினிக்குத்தான்"னேன். "அவ கம்மல் எப்படி இருக்கும், சொல்லுங்க"ன்னா.

நான், "பூ மாதிரி"ன்னேன்.

"பூ இல்லீங்க"ன்னா. அவ்வளவுதான். பொட்டலத்தைப் பழையபடி மடிச்சு என் கையில குடுத்தா. சாப்பாடு போட்டா, நல்லாத்தான் போட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டுட்டுப் போனா.

ஒரு கம்மலோட வடிவம் தெரியலன்னா அது ஒரு குத்தமா தம்பி? ஆம்பளை யாரு அதையெல்லாம் பாக்குறான்? புள்ள பேரு தெரியாதா, பொறந்த கெழமை தெரியாதா எனக்கு? உங்களுக்குப் பொண்ணு இருக்கா? இருக்கட்டும், இருக்கட்டும். நான் கேக்கல.

ஆசாரிகிட்டக் கேட்டேன். அவருக்கும் ஞாபகம் இல்ல, எத்தனையோ அடிச்சிருக்கேன்னாரு. போட்டோ ஒண்ணே ஒண்ணு இருக்கு, ஸ்கூல்ல எடுத்தது. அதுல ரெட்டைச் சடையை மடிச்சுக் கட்டி, ரிப்பன் காதை மறைச்சுக்கிட்டு நிக்குது. தவமணிகிட்ட போன்ல கேட்டேன், "நீயே சொல்லிரேன்"னு. வச்சுட்டா.

மெஷினைப் பிரிச்சுட்டேன். டிரம்மு காக்கா கடைக்கே போயிருச்சு. எஞ்சினை நீங்க எடுத்துக்குங்க, நல்ல எஞ்சின், சொன்னேன்ல. எனக்கு இனிமே அது வேண்டாம். தவமணி அவ தட்டை விட்டுட்டுத்தான் போயிருக்கா. அதை எடுத்துக்கிட்டுத் தெனமும் காலைல எறங்குறேன். எனக்குக் கை வரல, ஆட்டினா எல்லாம் சேந்து ஓடிருது. பங்குனி ஆச்சு, தண்ணி கொறைச்சல், மழைக்கு முன்னாடி அந்தக் குவியல் பூராவையும் பாத்துரணும். லைன் பொம்பளைங்க தூர நின்னு பாக்குறாங்க. கேலி பண்ணல யாரும்.

போன வாரம் ஒண்ணு மின்னுச்சு. எடுத்துப் பாத்தா பித்தளைப் பொத்தான். அதைக் கையில வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டேன். பித்தளைங்கிறதால தெரிஞ்சுச்சு, அது இல்லைன்னு. நாளைக்கு நெசமாவே ஒரு பொன்னுக் கம்மல் கெடைச்சா, அது என் புள்ளையோடதுதானான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? எடுத்துக்கிட்டுப் போயி அவகிட்ட நீட்டி, இதுவான்னுதானே கேக்கணும்?

பள்ளிக்கூடம் மேட்டுல இருக்கு. மழைக்காலத்துல அட்டை கடிக்கும்னு புள்ளையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுத்தான் போவேன். போறதும் வாறதும், ஒண்ணாங்கிளாஸ் பூரா. இந்தத் தோள்லதான். தலையை என் மேல சாச்சுக்கும். அப்பக் காது இங்கதான் இருந்திருக்கும், என் கன்னத்துக்கிட்ட. பாத்திருப்பேன்ல தம்பி? ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருப்பேன்ல?